மூன்று துண்டு, ஒரு பிளாஸ்மிட்: எந்த வழியில் ஒட்டுவது?

போன மாதம் தரமணியில் எங்கள் ஆய்வகத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் ஜூனியர் கேட்டாள்: “அக்கா, கிப்சன் கிட் வாங்கித் தரச் சொல்லவா, இல்ல கோல்டன் கேட் பண்ணவா? சார் வழக்கமான லைகேஷனே போதும்னு சொல்றார்.”

கிப்சன், கோல்டன் கேட், லைகேஷன் மூன்றும் டி.என்.ஏ. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டும் முறைகள். அவளுடைய வேலை ஒன்றும் பெரிய கோட்டை கட்டுவதில்லை. ஒரு புரோமோட்டர் (மரபணுவை இயக்கிவிடும் வரிசை), அதை ஒட்டி 1,200 கார இணை (டி.என்.ஏ.வின் எழுத்து ஜோடி) நீளமுள்ள மரபணு, மரபணுவின் வாலில் பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தின் வரிசை (அது ஏறத்தாழ 720 இணை). இந்த மூன்றையும் இதே வரிசையில், திசை மாறாமல், 5,000 இணை நீளமுள்ள ஒரு பிளாஸ்மிட்டுக்குள், அதாவது பாக்டீரியாவுக்குள் பெருகும் ஒரு டி.என்.ஏ. வளையத்துக்குள், கோர்க்க வேண்டும். துண்டுகளைச் சுமக்கும் அந்த பிளாஸ்மிட்டைத்தான் வெக்டர் என்கிறோம். மரபணு ஓர் அலையாத்திக் காட்டுச் செடியிலிருந்து வந்தது. உப்பைத் தாங்கும் செடி என்பதால் அதன் மேல் நம் ஊரில் ஒரு மோகம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்தியிலிருந்து மரபணு எடுத்து நெல்லில் வைத்துப் பார்த்த ஊர் இது.

டீக்கடையில் சொன்ன பதில் அரைகுறையானது. முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. எந்த முறையும் மலிவு கிடையாது, விலையைக் கேட்கும் இடம்தான் மாறும். ஒன்று என்சைமுக்குக் காசு கேட்கும், ஒன்று பிரைமருக்கு (பி.சி.ஆரில் துண்டை நகலெடுக்க ஆர்டர் செய்யும் குட்டி டி.என்.ஏ. இழைக்கு) கேட்கும், இன்னொன்று உன் ஒரு நாள் யோசனையைக் கேட்கும். அதைவிட முக்கியம், செய்த தப்பு எப்போது கண்ணில் படுகிறது என்பது. கம்ப்யூட்டர் திரையிலேயே தெரிந்துவிட்டால் நஷ்டம் அரை மணி நேரம். சீக்வென்சிங் (டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சோதனை) ரிசல்ட் வந்த பிறகு தெரிந்தால் நஷ்டம் இரண்டு வாரம். நான் முறைகளை எடைபோடுவது இந்தத் தராசில்தான்.

சார் சொன்ன வழியிலிருந்து வருவோம். ஈகோ-ஆர்-ஒன் மாதிரி ஒரு வெட்டு நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்தைக் கண்ட இடத்தில் வெட்டும். வெட்டிய முனையில் ஏ-ஏ-டி-டி என்று நான்கு எழுத்து ஒற்றை இழையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதே நொதியால் வெட்டிய வேறொரு துண்டு வந்தால் இரண்டும் ஜோடி சேரும், டி4 லைகேஸ் என்ற ஒட்டும் நொதி வந்து பிணைத்துவிடும். 1973-ல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் பிளாஸ்மிட்டுக்குள் வேற்று டி.என்.ஏ.வை ஒட்டிக் காட்டியதன் சாரம் இதுதான். அதற்கும் முன்பே ஹர் கோபிந்த் குரானாவின் குழு, வேதியியல் முறையில் செய்த குட்டி இழைகளை லைகேஸ் போட்டுக் கோர்த்து ஒரு முழு மரபணுவையே கட்டியிருந்தது. டி4 லைகேஸ் மொட்டை முனைகளையும் ஒட்டும் என்று 1970-ல் காட்டியதும் அவர்கள்தான். துருத்தல் ஏதும் இல்லாத முனையைத்தான் மொட்டை என்கிறேன்.

இதில் இருக்கும் சிக்கலைப் புரிந்துகொள்ள பேசின் பிரிட்ஜ் யார்டில் பெட்டி கோர்ப்பதை நினைத்துப் பாருங்கள். எல்லாப் பெட்டிக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொக்கி. அதனால் எந்தப் பெட்டியையும் எந்தப் பெட்டியோடும், முன்பின்னாகத் திருப்பியும் மாட்டலாம். ரயில்வேக்கு அது வசதி, நமக்கு அது தலைவலி. ஒரே நொதியால் இரு பக்கமும் வெட்டினால் மரபணு தலைகீழாகவும் போய் உட்காரும், வெக்டர் தன் வாலைத் தானே கடித்தும் மூடிக்கொள்ளும். அதனால்தான் ஒரு பக்கம் ஈகோ-ஆர்-ஒன், மறுபக்கம் பாம்-ஹெச்-ஒன் என்று இரண்டு நொதிகளை வைத்து வெட்டுவது.

ஒரே ஒரு துண்டு, வெக்டரில் பொருத்தமான வெட்டிடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, மரபணுவுக்குள் அந்த ஆறெழுத்து இல்லை. நிலைமை இதுதான் என்றால் வேறு எதையும் படிக்கவே வேண்டாம். லைகேஷன் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். பிரைமர் முப்பது முப்பத்திரண்டு எழுத்தோடு முடிந்துவிடும்: பொருந்தும் பகுதி 20, வெட்டிடம் 6, நொதி பிடித்து நிற்க ஓரத்தில் ஐந்தாறு எழுத்து. அந்த ஓர எழுத்துகளைச் சிக்கனம் பிடித்து விட்டுவிட்டால் பல நொதிகள் முனையில் ஒழுங்காக வெட்டாது. எல்லோரும் ஒரு முறை இதைக் கோட்டைவிடுகிறோம்.

அளவுக் கணக்கும் எளிது. 5,000 இணை வெக்டர் 50 நானோகிராம் எடுத்தால், 1,000 இணை துண்டு மூன்று மடங்கு மோலில் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 50-ஐ ஐந்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 30 நானோகிராம். எடையைப் பார்த்து 150 நானோகிராம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மடங்கு என்பது எண்ணிக்கையில், எடையில் இல்லை.

இந்த முறையில் பாதிப் பேருக்குக் கைகொடுக்காமல் போவது லைகேஸ் இல்லை, அதன் பஃபர் (நொதி வேலை செய்யும் உப்புக் கரைசல்). அதில் லைகேஸுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருக்கி மறுபடி உறைய வைக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். சென்னை மே மாதத்தில் ஐஸ் பெட்டியில் வைக்காமல் மேஜையில் பத்து நிமிடம் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டியூபைத் திறந்தால் டி.டி.டி. என்ற வேதிப்பொருளின் அழுகிய முட்டை வாடை மூக்கில் ஏற வேண்டும். வாடையே இல்லாத பஃபரை நான் நம்புவதில்லை. அடியில் வெள்ளையாகத் திப்பி நின்றால் பயப்படாமல் உள்ளங்கையில் வைத்து உருட்டி வோர்டெக்ஸ் செய்தால் கரைந்துவிடும். வாங்கிய அன்றே பத்து பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து வைத்துக்கொள்வது இருபது நிமிட வேலை. தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் மட்டும் என்சைம் வைக்காதீர்கள். பனி கட்டாமல் இருக்க அது அவ்வப்போது உள்ளே சூடேற்றிக்கொள்ளும்.

அப்புறம் கண்ட்ரோல் பிளேட். இதைப் பற்றி நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியதை பாக்டீரியாவுக்குள் ஏற்றி ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் தேய்த்தால், பிளாஸ்மிட்டை வாங்கிக்கொண்ட பாக்டீரியா மட்டும் புள்ளி புள்ளியாகக் காலனி கட்டும். வெட்டிய வெக்டர், லைகேஸ், துண்டு கிடையாது: இப்படி ஒரு டியூபைக் கூடவே போட்டு அதையும் ஒரு பிளேட்டில் தேய்த்தாக வேண்டும். காலையில் இன்குபேட்டரைத் திறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தட்டைத்தான். அதில் ஐந்து காலனி, நிஜத் தட்டில் அறுபது என்றால் நிம்மதியாக நான்கு காலனியை எடுத்துப் பார்க்கலாம். அதில் இருநூறு, நிஜத்தில் இருநூற்றுப் பத்து என்றால் வெக்டர் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது வெட்டவே படவில்லை. அதன்பின் இருபது காலனியை மினிபிரெப் செய்வது (வளர்த்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுப்பது) இல்லாத ஊருக்கு வழி தேடுவதுதான். ஃபாஸ்ஃபடேஸ் போட்டு முனையில் உள்ள பாஸ்பேட்டை எடுத்துவிட்டாலும், வெக்டரை ஜெல்லில் ஓட்டி, நீளவாரியாகப் பிரிந்ததும் வெட்டி எடுத்தாலும் பின்னணிக் காலனிகள் குறையும். ஜெல்லை வெட்டும்போது யு.வி. மேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டே நிற்காதீர்கள். அரை நிமிடம் கூடுதலாக நின்றாலும் டி.என்.ஏ.வில் காயம், காலனியில் குறைவு.

சரி, ஜூனியரின் மூன்று துண்டுக்கு இது ஒத்துவருமா? மூன்றையும் வெக்டரோடு ஒரே டியூபில் போட்டால் நான்கு இணைப்பும் ஒன்றாக அமைய வேண்டும், அதற்கு நான்கு வெவ்வேறு நொதி வேண்டும். அந்த நான்கின் வெட்டிடமும் எந்தத் துண்டுக்குள்ளும் இருக்கக் கூடாது. ஆறெழுத்து வரிசை ஒன்று சும்மா தற்செயலாக வருவதற்கான கணக்கு 4,096 எழுத்துக்கு ஒரு முறை. ஒரு நொதி என்றால் தப்பிக்கலாம், நான்கு என்றால் கஷ்டம். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் நடக்கும். ஆனால் ஒரு சுற்றுக்கு வெட்டு, ஜெல், ஒட்டு, பிளேட், மினிபிரெப் என்று ஒரு வேலை வாரம் போகும். மூன்று துண்டுக்கு மூன்று வாரம், அதுவும் எல்லாம் முதல் தடவையே சரியாக வந்தால்.

ஒரு சின்ன நியாயம் மட்டும் பழைய முறைக்குச் சொல்ல வேண்டும். இணைப்பில் அது விட்டுப்போகும் ஆறெழுத்து எப்போதும் தொல்லை இல்லை. பாம்-ஹெச்-ஒன் வெட்டிடமான ஜி-ஜி-ஏ-டி-சி-சி, சட்டகம் (மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் ஒழுங்கு) சரியாக அமைந்தால், கிளைசின்-செரீன் என்ற இரண்டு அமினோ அமிலமாகப் படிக்கப்படும். மரபணுவுக்கும் ஜி.எஃப்.பி.க்கும் நடுவே எல்லோரும் காசு கொடுத்து வைக்கும் வளையும் இணைப்பே அதுதான்.

இப்போது கிப்சன். கிரெய்க் வென்டர் நிறுவனத்தில் டேனியல் கிப்சன் குழு 2009-ல் வெளியிட்டது. பாக்டீரியா ஒன்றின் முழு ஜீனோமையே துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் தேவைக்குச் செய்துகொண்ட கருவி என்பதால் முரட்டுத்தனமாக வேலை செய்யும். அடுத்தடுத்த துண்டுகளின் ஓரங்களில் 20 முதல் 40 எழுத்து ஒரே மாதிரி இருக்கும்படி பிரைமர் வடிவமைக்க வேண்டும். டியூபில் மூன்று நொதி. டி5 எக்சோநியூக்ளியேஸ் ஒவ்வொரு துண்டின் 5-முனையிலிருந்தும் ஒரு இழையைக் கடித்துக்கொண்டே போகும், மிஞ்சிய ஒற்றை இழைகள் தங்கள் ஜோடியைக் கண்டு சேரும், பாலிமரேஸ் ஓட்டையை அடைக்கும், டாக் லைகேஸ் கடைசியாகத் தைத்துவிடும். எல்லாம் 50 டிகிரியில், 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். கடித்துக்கொண்டே போகும் டி5 அந்தச் சூட்டில் தானே மெல்லச் செத்துப்போகும், அதனால் கட்டுக்குள் நிற்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு இன்னும் பிடிக்கும்.

வெட்டிடம் தேட வேண்டாம், தழும்பு இல்லை, சட்டகம் நீங்கள் எழுதியபடியே. ஒரே சுற்றில் மூன்று துண்டும் உள்ளே. இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் ஏன் இதையே செய்வதில்லை?

காரணம் பிரைமர். பிரைமருக்கு எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை. மூன்று துண்டுக்கு ஆறு பிரைமர். லைகேஷனுக்கு 32 வீதம் 192 எழுத்து, கோல்டன் கேட்டுக்கு 36 வீதம் 216, கிப்சனுக்கு 45 வீதம் 270. நடு இணைப்புகளில் மேற்பொருந்தும் பகுதியை இரண்டு பிரைமருக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டால் இது குறையும். ஆக இந்த ஒரு வேலைக்கு வித்தியாசம் தாங்கக்கூடியதே. ஆனால் நாளைக்கு இதே மரபணுவை வேறு புரோமோட்டரோடு வைக்க வேண்டும் என்றால் அந்த இணைப்புக்கு மறுபடி புது பிரைமர், மறுபடி பி.சி.ஆர். கிப்சனில் ஒவ்வொரு துண்டும் தன் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு திரிகிறது. வீடு மாறினால் முதுகை அழித்து எழுத வேண்டும்.

கிப்சன் சறுக்கும் இடங்கள் மூன்று எனக்குத் தெரியும், மூன்றிலும் விழுந்திருக்கிறேன். 200 இணைக்குக் குறைந்த துண்டை டி5 முழுசாகவே மென்று தின்றுவிடும். ஆறு ஹிஸ்டிடின் வால் மாதிரிச் சின்னதைத் தனித் துண்டாகப் போடாமல் பிரைமரிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு ஓரங்களில் ஒரே டெர்மினேட்டர் (மரபணுவைப் படிப்பதை நிறுத்தும் வரிசை) இருந்தால் தப்பான ஜோடி சேர்ந்து நடுத்துண்டு காணாமல் போகும். மூன்றாவது, பி.சி.ஆருக்கு வார்ப்பாகப் போட்ட பிளாஸ்மிட்டும் புது பிளாஸ்மிட்டும் ஒரே ஆன்டிபயாட்டிக்கைத் தாங்குபவையாக இருந்தால், மிச்சமிருக்கும் வார்ப்பு பிளேட் முழுக்கக் காலனியாக முளைக்கும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஒன்றிலும் சரக்கு இருக்காது. பி.சி.ஆருக்குப் பிறகு டி.பி.என்-ஒன் போட்டால் பாக்டீரியாவில் வளர்ந்த, மெத்தில் குறியிட்ட வார்ப்பை மட்டும் அது வெட்டிப் போட்டுவிடும்.

கோல்டன் கேட் வேறு ஜாதி. 2008-ல் கரோலா எங்லரும் சில்வெஸ்டர் மரியோனேவும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்டது. பி.எஸ்.ஏ-ஒன் என்ற நொதி ஜி-ஜி-டி-சி-டி-சி-யைப் படிக்கும், ஆனால் அங்கே வெட்டாது. ஓரெழுத்து தள்ளி, நான்கெழுத்து துருத்தும்படி வெட்டும். அந்த நான்கெழுத்து எதுவாகவும் இருக்கலாம், நாமே எழுதலாம். பேசின் பிரிட்ஜ் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கொக்கி. மூன்றாவது பெட்டி இரண்டாவதோடு மட்டும்தான் மாட்டும். 256 சாத்தியங்களில் தன்னோடு தானே ஜோடி சேரும் 16-ஐக் கழித்தால் 240. இதிலும் ஒன்றுக்கொன்று சாயல் காட்டுபவற்றை ஒதுக்கினால் கூடப் போதும் போதும் என்கிற அளவு மிஞ்சும். ஒரே டியூபில் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளைக் கோர்த்திருக்கிறார்கள்.

இன்னொரு அழகு: வெட்டும் நொதியும் லைகேஸும் ஒரே டியூபில், 37 டிகிரிக்கும் 16 டிகிரிக்கும் முப்பது முறை போய்வருகின்றன. சரியாக ஒட்டியதில் வெட்டிடம் இல்லை, அதை மறுபடி வெட்ட முடியாது. தன் பழைய நடுத்துண்டோடு மறுபடி ஒட்டிக்கொண்ட வெக்டரில் வெட்டிடம் அப்படியே இருக்கிறது, அது அடுத்த சுற்றில் வெட்டுப்படும். அதனால் கண்ட்ரோல் பிளேட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எனக்கு இந்த முறை மேல் மரியாதை வந்ததே அந்தக் காலித் தட்டைப் பார்த்த பிறகுதான்.

ஆனால் இங்கே ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். பி.எஸ்.ஏ-ஒன் வெட்டிடமும் ஆறெழுத்துதான், ஆனால் திருப்பிப் படித்தால் அதுவே வராது. ஆகவே இரண்டு இழையிலும் தனித்தனியாக வர வாய்ப்பு உண்டு, 4,096 என்ற கணக்கு 2,048 ஆகிவிடும். மூவாயிரம் இணைக்குள் ஒன்றாவது இருந்தே தீரும் என்று எடுத்துக்கொண்டு தேடுவது நல்லது. இருந்தால் அமினோ அமிலம் மாறாமல் ஓரெழுத்தை மாற்றி அதை அழிக்க வேண்டும், அல்லது ஏழெழுத்துப் படிக்கும் சாப்-ஒன் மாதிரி நொதிக்குப் போக வேண்டும். வெக்டரிலும் தேடுங்கள். பியூசி19-ன் ஆம்பிசிலின் மரபணுவுக்குள்ளேயே ஒரு பி.எஸ்.ஏ-ஒன் வெட்டிடம் உட்கார்ந்திருக்கிறது. எல்லா ஃப்ரீசரிலும் இருக்கும் பிளாஸ்மிட் அது. அதனால்தான் இந்த முறைக்கென்று செய்த வெக்டர்களில் கானாமைசினும் ஸ்பெக்டினோமைசினும் அதிகம் தென்படும்.

ஆக, கோல்டன் கேட் காட்டும் தப்பெல்லாம் திரையிலேயே தெரிந்துவிடும் தப்புகள். என் தராசில் அது பெரிய மதிப்பெண். ஆனால் அந்த யோசனைக் கூலி திரும்பி வர வேண்டும் என்றால் ஐந்து புரோமோட்டர், ஆறு மரபணு, மூன்று வால் என்று மாற்றி மாற்றிக் கோர்க்கும் வேலை இருக்க வேண்டும். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையின் வழிகாட்டி வரிசை மாதிரி இருபது எழுத்துத் துண்டுகளுக்கும் இதுவே சரி, அங்கே கிப்சன் பக்கம் போகவே வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேட்வே: லேம்டா வைரஸின் அட்-தளங்களை வைத்துத் துண்டை இடம் மாற்றுவது. ஒரே மரபணுவைப் பத்து வெக்டருக்கு மாற்றுபவர்களுக்கு நல்லது, மற்றவர்களுக்கு நொதி விலை கண்ணைக் கட்டும். டி.ஏ. குளோனிங்: பி.சி.ஆர். துண்டின் ஓரத்தில் தொங்கும் ஒற்றை ஏ எழுத்தைப் பிடித்து ஒட்டுவது, துண்டை எங்காவது பத்திரமாக வைக்க மட்டும். ஃப்யூஷன் மாதிரி பிழை குறைவாக நகலெடுக்கும் பாலிமரேஸ் மொட்டை முனையைத் தரும், ஓரத்தில் ஏ ஒட்டாது என்பதை மறந்தால் ஒரு காலனியும் வராது. மேற்பொருந்து பி.சி.ஆர்.: இரண்டு துண்டை ஒட்ட அருமை, மூன்றுக்கு மேல் ஜெல்லில் மழைச்சாரல் மாதிரி பேண்டுகள். மொத்தத்தையும் வெளியே செய்து வாங்குவது: பணம் இருந்தால் வாங்குங்கள், ஆனால் திரும்பத் திரும்ப வரும் வரிசையும் ஜி-சி மிகுந்த வரிசையும் உள்ள மரபணுவைச் செய்ய முடியாது என்று மின்னஞ்சல் வர வாய்ப்புண்டு.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டியூபில் ஒட்டவே வேண்டாம். கிப்சனுக்குச் செய்த அதே மாதிரி, இருபது எழுத்து மேற்பொருந்தும் துண்டுகளை டி.பி.என்-ஒன் போட்டுச் சுத்தம் செய்து, என்சைமே இல்லாமல் நேராக ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் போட்டால், அது தானாகவே ஒட்டித் தரும். டி.எச்.5 ஆல்ஃபா என்ற சாதாரண ஆய்வக வகையே போதும். இரண்டு துண்டுக்கு நன்றாகவே நடக்கும், மூன்று நான்குக்குக் காலனி குறையும். செலவு ஒரு பிளேட், ஒரு இரவு. கிப்சன் போடத் திட்டமிட்ட துண்டுகளில் இரண்டு மைக்ரோலிட்டரை முதலில் இப்படிப் போட்டுப் பார்க்காமல் கிட்டைத் திறக்காதே என்று என் பெஞ்சில் ஒரு சட்டம் உண்டு. பலன் தந்தால் கிட் மிச்சம்.

ஆனால் இந்த வழி, செல் எவ்வளவு நல்லது என்பதைப் பொறுத்தது. இங்கேதான் சென்னை உள்ளே வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கட்டடத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் டீசல் தீர்ந்து நின்றது. மூன்றாவது நாள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்தபோது காம்பிடென்ட் செல் (டி.என்.ஏ.வை உள்வாங்கத் தயார்படுத்திய பாக்டீரியா) டியூப்களில் தண்ணீர். கிப்சன் கலவையும் போனது. எல்லா நொதியும் ஒரே புட்டியில் கலந்திருந்ததால் ஒன்றை மட்டும் மாற்றவும் வழியில்லை. தனியாக இருந்த லைகேஸ் பிழைத்ததா இல்லையா என்று பழைய பிளாஸ்மிட் ஒன்றை வெட்டி ஒட்டிப் பார்த்தோம், பிழைத்திருந்தது. தனித்தனி டியூபில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம், மாற்றலாம். கலவையாக வருவதை நம்பலாம், அல்லது எறியலாம். இந்த அனுபவத்துக்குப் பிறகு கிப்சன் கலவையை நாங்களே செய்கிறோம். பஃபரைப் பெரிய அளவில் கலந்து வைத்து, மூன்று நொதியையும் தனித்தனியாக வாங்கி, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் சேர்ப்பது. டி5 மிகக் கொஞ்சமே தேவை என்பதால் ஒரு புட்டி வருடக்கணக்கில் வரும்.

ஜூனியரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்த பிளாஸ்மிட்டை ஒன்று செய்யப் போகிறாயா, பத்து செய்யப் போகிறாயா என்று கேட்டேன். ஒன்றுதான், பிறகு ஒருவேளை புரோமோட்டரை மாற்றிப் பார்க்கலாம் என்றாள். அப்படியானால் கோல்டன் கேட்டுக்கு உட்கார்ந்து வெட்டிடம் அழிப்பது வேண்டாத வேலை. அவள் மரபணுவுக்குள் பி.எஸ்.ஏ-ஒன் இரண்டு இடத்தில் இருந்தது வேறு. சார் சொன்ன லைகேஷன் மூன்று வாரம். கிப்சன்தான், ஆனால் கிட் வாங்காமல். புரோமோட்டருக்கும் மரபணுவுக்கும் நடுவே மட்டும் ஒரு பாம்-ஹெச்-ஒன் வெட்டிடத்தைப் பிரைமரில் எழுதிவிடச் சொன்னேன், வெக்டரில் வேறெங்கும் அது இல்லையா என்று பார்த்த பிறகு. புரோமோட்டருக்கு முன்னால் வெக்டரில் ஏற்கெனவே ஈகோ-ஆர்-ஒன் இருக்கிறது. நாளைக்குப் புரோமோட்டர் மாற வேண்டும் என்றால் இரண்டையும் வெட்டி, சாருடைய வழியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஆறு பிரைமரும் வியாழக்கிழமை ஆர்டர் போயிருக்கின்றன. வர எப்படியும் சில நாள் ஆகும். அதுவரை அவள் டி.எச்.5 ஆல்ஃபாவை வளர்த்துக் காம்பிடென்ட் செல் செய்துகொண்டிருக்கிறாள். கோல்ட் ரூமில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வெளியே 38 டிகிரி வெயில் அடிக்கும்போது.